ஜிகினா ஒட்டிய டிரம்: தப்பிலிருந்து பேண்டு செட்டு வரை

தப்பைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியாகிவிட்டது. தோலை எப்படிப் பதம் பண்ணுவது, வைக்கோல் தீயில் எவ்வளவு நேரம் காய்ச்சுவது, அடிக்குச்சி எது, சிண்டுக்குச்சி எது என்பதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கிறது. தோலைத் தாங்கி நிற்கிற சட்டத்தைப் பற்றியும், அதன்மேல் நம் சனங்க பூசியதையும் ஒட்டியதையும் பற்றியும் நான் படித்ததில் பெரிதாக ஒன்றுமில்லை. பேண்டு செட்டு டிரம் என்றால் கேட்கவே வேண்டாம். வெள்ளைக்காரன் வாத்தியம், சினிமாப் பாட்டு வாசிக்கிறது, ஜிகினா ஒட்டி மினுக்குகிறது, இதில் என்ன ஆய்வு என்று மூக்கைச் சுளிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் சுளித்தவள்தான். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எழுமலைக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே பார்த்தால் கரிசலும் செவலும் கலந்த மானாவாரிக் காடு. எங்கள் பெரியப்பா 1983இல் ஒரு பழைய சைடு டிரம் வாங்கினார். மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பேண்டிலிருந்து கழித்துக் கட்டியது. பலகையை வளைத்துச் செய்த உடம்பு, குறுக்களவு 14 அங்குலம். ஒரு பக்கம் தோல் கிழிந்து, போல்ட்டெல்லாம் துருப்பிடித்து, உடம்பில் பூசியிருந்த பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து கிடந்ததாம். அதைத் தட்டிக்கொட்டிச் சரிபண்ணி, அதோடு ஒரு பேஸ் டிரம்மும் சேர்த்து செட்டு ஆரம்பித்தார். நான் பிறந்து விவரம் தெரிந்தபோது அந்த டிரம் நீல ஜிகினாவில் இருந்தது. கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் பட்டால் மீன் குஞ்சு கூட்டமாகத் திரும்புகிற மாதிரி இருக்கும்.

2012இல் நான் எம்.ஏ. தமிழ் இரண்டாம் வருடம். மதுரையில் ஒரு கலை இரவுக்கு எங்கள் குழு தயாரானது. தப்பு நாலு இருந்தது, கூட ஒரு டிரம் வேண்டும் என்றார்கள். எங்க வீட்ல இருக்கு என்று பெருமையாகக் கொண்டுபோனேன். குழுப் பொறுப்பாளர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த மினுக்கு வேணாம் தோழர், மரம் தெரியட்டும், அதுதான் நம்ம மண்ணோட நிறம்" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து, சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தகரக் கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. முற்றமெல்லாம் நீலச் செதில். பெரியப்பா வேலைக்குப் போய்விட்டு வந்தவர் வாசலிலேயே நின்றார். திட்டவில்லை. "ஏத்தா, அது அழுக்குன்னு நெனச்சியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் மீதியையும் சுரண்டி, எண்ணெய் தடவி, மேடைக்குக் கொண்டுபோனேன். கைதட்டல் வாங்கினோம். திரும்பி வந்த டிரம் பரணுக்குப் போனது. அதன் பிறகு பெரியப்பா அதைத் தொடவில்லை.

நான் தப்பவிட்ட ஒரே இடம், இரண்டு ஓரத்திலும் வளையம் மூடியிருந்த ஒரு விரற்கடைப் பகுதி. வளையத்தைக் கழற்றாமலே சுரண்டிய சோம்பேறித்தனம் காப்பாற்றியது அது. ஏழெட்டு வருடம் கழித்து அதை இறக்கி வளையத்தைக் கழற்றினேன். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாம் இருந்தன. அடியில் பள்ளிக்கூடத்துப் பச்சை. அதற்குமேல் பழுப்பாகிப்போன பிசின், அதில் பதிந்த கண்ணாடித் தூளும் காக்காப்பொன்னும். அதன்மேல் சிவப்பு எனாமல். எல்லாவற்றுக்கும் மேலே நீல ஜிகினா. கல்வெட்டையும் செப்பேட்டையும்தான் எனக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பெரியப்பாவிடம் போய் உட்கார்ந்து, இந்த ஒரு விரற்கடைக்கு அர்த்தம் கேட்டேன்.

அவர் டிரம்மிலிருந்து தொடங்கவில்லை, தப்பிலிருந்து தொடங்கினார். எங்கள் பக்கம் தப்பு என்றுதான் சொல்வோம். பறை என்பது நான் கல்லூரிக்குப் போய் வாங்கி வந்த சொல். அவருடைய ஐயா ஊருக்குக் கொட்டியவர். கேதம் விழுந்தால் கொட்டு, சாமி கும்பிட்டால் கொட்டு, தண்டோரா போடக் கொட்டு. ராத்திரி எந்நேரம் ஆள் வந்து கூப்பிட்டாலும் எழுந்து போகவேண்டும். வரமுடியாது என்ற பேச்சே கிடையாது. கூலி என்று பேசி வாங்கியதும் கிடையாது. களத்தில் கொடுக்கிற நெல்லு, கேத வீட்டில் ஒதுக்கி வைக்கிற சோறு, வேண்டாமென்றாலும் வாயில் ஊற்றுகிற சாராயம். மேலே துண்டு போடக்கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ளணும். செத்த மாட்டைத் தூக்குவதும் அவர்கள்தான், தோலை உரிப்பதும் அவர்கள்தான், அந்தத் தோலைச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை போட்டு இழுத்து ஒட்டுவதும் அவர்கள்தான். சட்டம் மூன்று துண்டு வேப்பமரம், உள்பக்கம் இரும்புப் பட்டை அடித்துச் சேர்த்தது. அதற்கு எண்ணெய் தடவுவதோடு சரி. வேறு அலங்காரம் எதுவும் இல்லை.

ஒருதடவை மட்டும் இருந்தது. 1970களின் கடைசியில் எங்கள் காலனி முத்தாலம்மனுக்குப் பொங்கல். நம்ம சாமிக்கு நாமே கொட்டுகிற நாள். ஐயா மதுரைக்குப் போய் ஜிகினாப் பேப்பர் வாங்கிவந்து, தப்புச் சட்டத்தைச் சுற்றி ஒட்டினாராம். சின்னப்பிள்ளைகளெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்ததாம். மறுநாள் ஊருக்குள் ஒரு கேதம். பேப்பரைப் பிய்க்க நேரமில்லை, அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேத வீட்டு வாசலில் ஊர்ப் பெரியமனுசர் ஒருவர் தப்பைக் கையில் வாங்கி, "என்னடா, தப்புக்கு மினுக்குக் கேக்குதா?" என்று ஜிகினாவை விரலால் கிழித்துக் கீழே போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஐயா வாங்கிக்கொண்டு அடித்தார். பெரியப்பா அப்போது கூட இருந்தவர். இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் அந்த மனுசன்மேல் இருந்ததா, வாங்கி அடித்த தன் ஐயாமேல் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஒரு காகிதம். அதற்கு ஏன் அவ்வளவு ஆத்திரம்? 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிற ஒரு பட்டியலைப் படித்தால் விளங்கும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்பிள்ளை வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. ஆறு மாதம் கழித்து 1931 ஜூனில் தடை பதினொன்றாக வளர்ந்தது. அதில் ஒன்று, கல்யாணத்திலும் மற்ற விசேஷங்களிலும் மேளம் வைக்கக்கூடாது என்பது. இன்னொன்று, கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறக்கூடாது, வீட்டுக் கதவைப் பல்லக்காக வைத்துக்கொள்ளலாம் என்பது. மேளம் அடிக்கிறவன் கல்யாணத்துக்கு மேளம் கிடையாது! படிக்கும்போது சிரிப்புக்கூட வந்துவிட்டது.

இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரம். நகை, சட்டை, கிராப்பு, பூ, குடை. சாதிக்கு நம் கையின் சத்தம் வேண்டும், அது இல்லாமல் பிணம் எழும்பாது, சாமி நகராது. ஆனால் அடிக்கிற ஆள் கண்ணில் படக்கூடாது. தோலின் சத்தம் காதுக்குப் போகிறது; சட்டத்தில் ஒட்டிய மினுக்கம் கண்ணுக்குப் போகிறது. ஐயா ஒட்டிய ஜிகினா தப்பையும், தப்பைப் பிடித்த கையையும் பார் என்றது. கிழித்தவருக்கு அது சரியாகவே புரிந்திருக்கிறது. எம்.ஏ. படித்த எனக்குத்தான் புரியவில்லை. எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்தில்தான் உத்தப்புரம். 1989 கலவரத்துக்குப் பிறகு அங்கே கட்டிய தீண்டாமைச் சுவர், போராட்டங்களுக்குப் பிறகு 2008 மே 6ஆம் தேதிதான் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. கோயிலுக்குள் நம்மவர்கள் போனது 2011 நவம்பர் 10. சுவர் இருந்த அத்தனை வருடமும் இந்தப் பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆள்தான் மறைந்திருந்தார்கள்.

ஐயா செத்தபிறகு பெரியப்பா தப்பை எடுக்கவில்லை. ஊரில் பேச்சு வந்தது, பஞ்சாயத்து வந்தது, களத்து நெல்லு நின்றது. நாலு வருடம் கேரளத்தில் கட்டட வேலைக்குப் போய்விட்டுக் காசோடு வந்தவர் வாங்கியதுதான் அந்தப் பள்ளிக்கூடத்து டிரம். ஏன் டிரம்? எனக்கு அப்பாலுள்ள ஒரு காரணமும் தோன்றுகிறது. பேண்டு வாத்தியம் நம் நாட்டுக்கு வெள்ளைக்காரப் பட்டாளத்தோடும் மிஷன் பள்ளிகளோடும் வந்தது. சென்னை ராணுவத்தில், குறிப்பாகச் சாப்பர்ஸ் படையில், பறையர்கள் கணிசமாக இருந்தார்கள் என்பது வரலாறு. பிரிட்டிஷ் ரெஜிமெண்ட் டிரம்களின் உடம்பைப் பார்த்திருக்கிறீர்களா? படையின் சின்னமும், அது சண்டை போட்ட இடங்களின் பெயரும் வண்ணத்தில் எழுதியிருக்கும். டிரம்மின் உடம்பு அங்கே ஒரு பட்டயம். ஆக டிரம் என்பது சட்டை போட்டுக்கொண்டு, பூட்ஸ் மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று அடிக்கிற வாத்தியமாகத்தான் நம் கண்ணுக்கு முதலில் தெரிந்திருக்கிறது. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரம் அடிக்கச் சொல்ல எவனுக்கும் வாய் வராது.

பேண்டு செட்டில் அட்வான்ஸ் உண்டு. நேரம் பேசுவது உண்டு, நேரம் தாண்டினால் கூடுதல் ரேட்டு உண்டு. பிடிக்கவில்லை என்றால் தேதி இல்லை என்று சொல்லிவிடலாம். பெரியப்பா அந்த 'தேதி இல்லை'யை ஒவ்வொரு வருடமும் ரெண்டு மூன்று தடவையாவது சும்மாவே சொல்லிப் பார்ப்பாராம், தேதி இருந்தாலும். சிவப்புச் சட்டை, தோளில் மஞ்சள் குஞ்சம், தொப்பி. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் பேஸ் டிரம்மின் முகத்தில் எழுதுகிற எழுத்து. செட்டின் பெயர், வாத்தியார் பெயர் இனிஷியலோடு, ஊர், கீழே எழுமலை கடை ஒன்றின் போன் நம்பர். 'ஏ கொட்டுக்காரா' என்று மட்டும் அழைக்கப்பட்ட குடும்பத்தின் பெயர் முதன்முதலாக ஊர்த் தெருவில் எழுத்தாக நடந்துபோனது அந்த டிரம்மில்தான். செட்டில் உறுமி அடித்தவர்கள் அருந்ததியர் தெருக்காரர்கள். சொந்த ஊரில் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காத காலம் அது. நமக்குள்ளும் அந்த அசிங்கம் இருந்தது, இருக்கிறது. வேனில் ஏறிவிட்டால் ஒரே பொட்டலம். ஜிகினா ஒட்டுகிற வேலையும் சேர்ந்துதான்.

ஒட்டுகிற வேலைக்கு வருகிறேன். அந்த விரற்கடையில் நான் பார்த்த பழுப்புப் பிசின் வஜ்ஜிரம். தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்துகிற அதே வஜ்ஜிரம், மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. கட்டியாக வாங்கி, ஊறவைத்து, ஒரு சட்டித் தண்ணீருக்குள் இன்னொரு டப்பாவை வைத்துச் சூடுபண்ணி இளக்கவேண்டும். நேரடியாகத் தீயில் வைத்தால் கருகிவிடும். நாற்றம் குடலைப் புரட்டும். அதைத் தடவி, ஆறுவதற்குள் மேலே தூவியாக வேண்டும். தூவியது என்ன? ஓடைக்கரையில் பொறுக்கிய காக்காப்பொன்னும் வளையல் கண்ணாடியும். காக்காப்பொன்னை இடித்தால் தூளாகாது, ஏடு ஏடாகப் பிரியும். அதைக் கையாலேயே நுள்ளிப் பொடியாக்கவேண்டும். வளையல் உடைசல் எழுமலைச் சந்தைக்கு வருகிற வளையல்காரரிடம் வாங்குவது. அப்பத்தா அதைச் சாக்கில் முடிந்து, அம்மிக்கல்லால் தட்டி, பழைய சேலைத்துணியில் சலித்துக் கொடுப்பாள். கேத வீட்டு வளையல் உடைசலை மட்டும் சேர்க்கவிடமாட்டாள். டிரம் அடித்தவர்கள் ஆம்பிளைகள். அதன் உடம்பைச் செய்ததில் பாதி எங்கள் வீட்டுப் பொம்பளைகள். அப்பத்தாவின் வலதுகைப் பெருவிரலில் ஒரு கண்ணாடித் துணுக்கு கடைசிவரை இருந்தது, தோலுக்குள்ளே பச்சையாகத் தெரியும். ஆனால் வஜ்ஜிரத்துக்கு மழையும் ஆகாது, வெக்கையும் ஆகாது. ஒரு கொடை மழையில் அத்தனையும் இளகி, பெரியப்பாவின் வேட்டியெல்லாம் கண்ணாடித் தூளாக வழிந்ததாம். அதற்குமேல்தான் சிவப்பு எனாமல் அடித்திருக்கிறார், வெறுத்துப்போய்.

நீல ஜிகினா 1990களில் வந்தது. வாங்கிய இடம் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபம். அழகர் ஆற்றில் இறங்குகையில் வேசம் கட்டுகிறவர்களுக்குச் சல்லடமும் குல்லாவும் தைத்து ஜிகினா வைக்கிற தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த இடம் அது. அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. ஸ்பெஷல் நாடகத்து ராஜபார்ட்டின் மார்பில் மின்னியதும், அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவன் தலையில் மின்னியதும், எங்கள் டிரம்மில் மின்னியதும் ஒரே பொட்டலத்து ஜிகினாதான். ராஜா வேசத்துக்கு ஒட்டினால் கலை, டிரம்மில் ஒட்டினால் மினுக்கு. வஜ்ஜிரம் போய் ஃபெவிகால் வந்தது. தோல் போய் பிளாஸ்டிக் முகம் வந்தது. அமெரிக்காவில் 1957வாக்கில் கடைக்கு வந்த சரக்கு அது, எங்கள் ஊர் வந்து சேர முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு வேடிக்கை கவனித்தேன். அன்றைக்கு டிரம்மின் தோலும் அதன் உடம்பில் தடவிய வஜ்ஜிரமும் ஒரே செத்த மாட்டிலிருந்து வந்தவை. இன்றைக்கு பிளாஸ்டிக் முகமும், ஜிகினாத் தூளும் ஒரே பாலியெஸ்டர் படலத்திலிருந்து வருகின்றன. ஜிகினா என்பது அந்தப் படலத்துக்கு அலுமினியப் பூச்சும் சாயமும் கொடுத்துப் பொடியாக வெட்டியது. மாடு நடுவிலிருந்து போய்விட்டது. நாதம் போச்சு என்று வருத்தப்படுகிறவர்கள் படட்டும். தோலை உரித்துக் காயவைத்த வீட்டின் வாசலில் வளர்ந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருத்தப்பட்டால் நல்லது.

'மரபில் இல்லாத மினுக்கு' என்ற பேச்சுக்கு வருவோம். புறநானூற்றின் 50ஆம் பாட்டு எல்லாத் தமிழ் மாணவர்களுக்கும் தெரியும். மோசிகீரனார் களைப்பில் முரசு வைக்கிற கட்டிலில் படுத்துத் தூங்கிவிடுகிறார், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவரை வெட்டாமல் விசிறி வீசினான். அரசனின் பெருந்தன்மை என்று பத்து மார்க்குக்கு எழுதுவோம். அந்தப் பாட்டின் முதல் பாதியைப் பாருங்கள். முழுக்க முரசின் அலங்காரம். கரிய மரத்தின் பக்கங்கள் பொலியும்படி மயில்பீலி மாலை கட்டி, பொன்போன்ற உழிஞைப் பூச்சூட்டி, நீராட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். படுக்கப் பூமெத்தை வேறு. மயில்பீலி அந்தக் காலத்து ஜிகினா இல்லாமல் வேறென்ன? அரசனின் முரசுக்குப் பூசினால் வீரம், மரபு. நான் இந்தப் பாட்டைப் பரீட்சையில் எழுதியதும் பெரியப்பாவின் டிரம்மைச் சுரண்டியதும் ஒரே வருடத்தில். இங்கிலாந்துக்குப் போனால், 1963இல் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் லண்டன் கடையில் கறுப்புச் சிப்பி மாதிரி மின்னுகிற படலம் ஒட்டிய லுட்விக் டிரம்செட்டைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினார். 1964 பிப்ரவரி 9ஆம் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்த டிரம் தெரிந்ததும் அந்தக் கம்பெனிக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அவரிடம் போய் 'மரம் தெரியட்டும் தோழர்' என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

1990களில் மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலை விழாக்களை நடத்தியது. தியாபிலஸ் அப்பாவு, கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் நம் பாட்டையும் கொட்டையும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் தப்பைக் கையில் எடுத்தார்கள். அந்த நேரத்தில் நமக்குள் இரண்டு பேச்சு இருந்தது. தப்பை எரி, ஊருக்கு அடிக்காதே என்றது ஒன்று. அதே தப்பை விடுதலைக் கருவியாக அடி என்றது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருந்தது. எங்கள் தலைமுறை இரண்டாவதில் வளர்ந்தது, அதற்கு நான் நன்றியுள்ளவள். ஆனால் இரண்டு பேச்சுக்கும் வெளியே, எந்தக் கூட்டத்துக்கும் போகாமல், தப்பைப் பரணில் போட்டுவிட்டு டிரம் வாங்கி ஜிகினா ஒட்டிய ஆயிரக்கணக்கான ஆட்களை நாம் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர்கள் ஊர்வேலையை எரிக்கவும் செய்தார்கள், அடிப்பதை விடவும் இல்லை. அறிக்கை மட்டும் எழுதவில்லை.

2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார், இனி தண்டோரா போடக்கூடாது, ஒலிபெருக்கி கட்டிய வண்டி போதும் என்று. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். எங்கள் மாவட்டத்துக் கொட்டுக்கு வந்த மரியாதை, காலனியில் வெடி போட்டோம். பெரியப்பாவும் சந்தோசப்பட்டார். "தப்புக்கு வந்துருச்சு. பேண்டு செட்டுக்கு வராது" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். வராதுதான். நாட்டுப்புறம் என்று சொல்ல அதில் மண் போதாது, செவ்வியல் என்று சொல்லச் சாதி போதாது. கல்யாணங்களும் இப்போது செண்டை மேளத்துக்கும் டிஜேக்கும் போய்விட்டன. செட்டுகள் பல கலைந்து, டிரம்களெல்லாம் பரணில் எலிக்கு வீடாகிவிட்டன.

போன பங்குனியில் அக்கா மகன் வந்து, ஏப்ரல் 14 ஊர்வலத்துக்கு நாமே செட்டு எடுக்கலாம் சின்னம்மா என்றான். டிரம்மை இறக்கினோம். நான் எண்ணெய் தடவிய மரம் அங்கங்கே பூசணம் பிடித்துக் கிடந்தது. பெரியப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். போல்ட்டுகளைக் கழற்றி எந்த ஓட்டைக்கு எது என்று சாக்பீஸால் நம்பர் போட்டோம். கனத்த உப்புத்தாள் முதலில், மெல்லியது பிறகு. எலி கடித்த இடத்தில் மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அடைத்தோம். நீல ஜிகினா ஒட்டப்போகிற உடம்புக்கு முதலில் நீல எனாமலே அடிக்கவேண்டும். வெறும் மரத்தில் தூவினால் இடுக்கு இடுக்காகப் பல் இளிக்கும். அது ஒருநாள் காய்ந்தது.

மறுநாள் உலக்கையை டிரம்முக்குள் விட்டு இரண்டு நாற்காலிக்கு நடுவே தொங்கவிட்டோம். அக்கா மகன் உருட்ட, நான் ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் தடவி, டீ வடிகட்டியில் ஜிகினாவை அள்ளித் தட்டிக்கொண்டே வந்தேன். சுற்றளவு 44 அங்குலம், ஐந்தாறு தடவையில் சுற்று முடிந்துவிடும். கீழே பேப்பர் விரித்து, விழுந்ததை மறுபடி வழித்துப் போடவேண்டும். "ஓரத்துக்குப் போகாத, விரற்கடை விடு" என்று பெரியப்பா சத்தம் போட்டார். ஓரத்தில் ஜிகினா ஏறினால் உடம்பு தடித்துவிடும், வளையம் இறங்காது, முகம் ஒரு பக்கம் இழுத்து ஒரு பக்கம் தொய்யும். அந்த விரற்கடையில் இருந்த பழைய பச்சையையும் கண்ணாடித் தூளையும் நாங்கள் தொடவில்லை.

ராத்திரி காய்ந்ததும் பெயிண்ட் பிரஷால் தட்டி, மெலிந்த இடத்துக்கு இன்னொரு தூவல். பிறகு வார்னிஷ். ஒரு கை அடித்துக் காயவிட்டு, அடுத்த கை. மூன்றாவது கை முடிந்ததும் வழவழப்பாக்கிவிடலாம் என்று உப்புத்தாளை எடுத்தேன். அவசரம். ஜிகினாவின் தலை சீவுப்பட்டு, உள்ளே இருக்கிற அலுமினியம் வெள்ளி வெள்ளியாகத் தெரிந்துவிட்டது, உள்ளங்கை அகலத்துக்கு. நான் பெரியப்பாவைப் பார்த்தேன். கட்டிலிலிருந்து எழுந்துவந்து விரலால் தடவிப் பார்த்தார். "ஒனக்கு எப்பவுமே சொரண்டத்தான் வரும்" என்றார். அக்கா மகன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது, பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக அவரோடு அந்த டிரம்மைப் பற்றிச் சிரித்ததில்லை. அந்த இடத்துக்கு மட்டும் திரும்ப ஒட்டி, மேலே ஆறு கை வார்னிஷ் அடித்தபிறகுதான் உப்புத்தாளைத் தொடவிட்டார்.

சைடு டிரம்முக்கு நூற்றைம்பது கிராம் ஜிகினா பிடித்தது. பேஸ் டிரம் இன்னும் பாக்கி இருக்கிறது. அதன் முகத்தில் பழைய எழுத்து பாதி அழிந்துவிட்டது. வாத்தியார் பெயரை மறுபடி எழுதச் சொல்லி எழுமலை பெயிண்டரிடம் கொடுத்திருக்கிறோம், இனிஷியலோடு. போன் நம்பர் இந்தத் தடவை அக்கா மகனுடையது.